காலையில் வெள்ளை, மாலையில் மஞ்சள்

மோதிரத்துக் கல் நீலமாக எரிந்தது.

கேஷியர் விளக்கை அணைத்தார். கல் சாதுவாக உட்கார்ந்திருந்தது. விளக்கைப் போட்டார். மறுபடியும் கேஸ் அடுப்பு மாதிரி நீலம்.

"போச்சு!" என்றார்.

கவுண்டர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்ற வாடிக்கையாளர் பதறிப்போனார். "என்ன சார் போச்சு? என் பணமா?"

"உங்க பணம் பத்திரமா இருக்கு. போனது என் பொண்ணு வாழ்க்கை."

அது கள்ளநோட்டு பார்க்கிற விளக்கு. நல்ல நோட்டின் தாள் அதனடியில் இருட்டாகக் கிடக்கும். உள்ளே ஓடும் இழையும் எண்ணும் மட்டும் மினுங்கும். சாதாத் தாளில் அடித்த கள்ளநோட்டு என்றால் உடம்பு முழுக்க நீலமாய்ப் பல்லை இளிக்கும். இருபத்தேழு வருடம் அந்த விளக்கோடு குடித்தனம் நடத்தியவருக்கு உலகத்தில் ஒரே சட்டம்தான்: நீலமாக மின்னினால் போலி. அவருடைய வெள்ளைச் சட்டைக் கையும்தான் விளக்கடியில் நீலமாக மின்னியது. ஆனால் அது அவருடைய சட்டை. அதைப் போய்ச் சந்தேகப்பட முடியுமா?

மற்றதெல்லாம் அவர் சந்தேகத்துக்குத் தப்பியதில்லை. வங்கியில் அவருக்குப் பெயரே பூதக்கண்ணாடி. மேனேஜர் லீவு எடுத்தால் கூட, காய்ச்சல் உண்மைதானா என்று நலம் விசாரிக்கிற சாக்கில் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருவார்.

இந்தக் குணத்தால் மகளுக்கு வந்த இரண்டு வரன்கள் ஓடிப்போயின. முதல் ஆள் பல் டாக்டர். மனுஷன் எப்படி என்று பார்க்க, பல்வலி என்று பொய் சொல்லிப் போய் நாற்காலியில் சாய்ந்தார். வாயைத் திறந்து வைத்துக்கொண்டே, ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கே போவீர்கள், யாரோடு போவீர்கள் என்று கேட்டதில் நல்ல பல் ஒன்று போனதுதான் மிச்சம். இரண்டாவது ஆள் பள்ளிக்கூட வாத்தியார். அவருடைய ஸ்கூட்டருக்குப் பின்னால் மூன்று நாள் போனார். நான்காவது நாள் வாத்தியார் நேரே போலீஸ் ஸ்டேஷனுக்குள் ஸ்கூட்டரை விட்டார். இவரும் பின்னாலேயே போய்விட்டார்.

மகள் எலும்பு ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்குக் கைகால் பயிற்சி கொடுக்கிறவள். அங்கே மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுபோனபோது, பழுது பார்க்க வந்தவர் கதவு வழியாக நாற்பது நிமிடம் அவளுக்குத் தைரியம் சொன்னார். வெளியே வந்தபோது அவளுக்கு மனசு தீர்மானமாகிவிட்டது. போன வாரம் அவர் வைர மோதிரமும் போட்டுவிட்டார். அடுத்த மாதக் கடைசியில் கல்யாணம்.

அன்றைக்கே மகள் அப்பாவின் எதிரில் வந்து நின்றாள்.

"அப்பா, இந்தத் தடவை இவர் பின்னால மட்டும் போனீங்க, எனக்குக் கல்யாணமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். வெளியூர் ஆஸ்பத்திரியில வேலைக்குக் கூப்பிடறாங்க. பெட்டியைத் தூக்கிட்டுப் போயிட்டே இருப்பேன்."

"நான் ஏம்மா போறேன்?" என்றார் அப்பா. சொன்னபடியே அவர் மாப்பிள்ளையின் பின்னால் போகவில்லை. மருந்து தடவுகிற வேலை என்பதால் மகள் மோதிரத்தைக் கழற்றி டப்பாவில் வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போவாள். அந்த டப்பா மேஜைமேல் சும்மா இருந்தது. ஒரு நாள், ஒரே ஒரு நாள், சட்டைப் பையில் போட்டு வங்கிக்குக் கொண்டுபோனார். அதுதான் இப்போது நீலமாக எரிகிறது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் நேரே சமையலறைக்குப் போனார்.

"இங்க பாரு. போலி."

மனைவி பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். "யாரு? மாப்பிள்ளையா?"

"சேச்சே, அவர் இல்ல. கல்லு!"

"அப்பாடா," என்றாள் மனைவி.

"என்ன அப்பாடா?"

"பட்டாணியில புழு இல்ல, அதைச் சொன்னேன்."

"வாங்கினப்ப நீயும்தானே கூடப் போனே? கடையில பேப்பர் எதுவும் குடுக்கலையா?"

"என்னமோ குடுத்தாங்க. எங்க வெச்சேன்னுதான் தெரியல. தேடித் தரேன்."

கேஷியர் மோதிரத்தைச் சமையலறை பல்புக்கு நேராகப் பிடித்தார். தூக்கிவாரிப் போட்டது. காலையில் வங்கி ஜன்னலோரம் பனிக்கட்டி மாதிரி வெளேரென்று இருந்த கல், இப்போது லேசாக மஞ்சளடித்து, தேன் கலந்த தண்ணீர் மாதிரி இருந்தது.

"காலையில இது வெள்ளையா இருந்துச்சு!"

மனைவி எட்டிப் பார்த்தாள். "அட ஆமாங்க, மஞ்சளாத்தான் தெரியுது. நல்லாக் கவனிங்க. எனக்கும் என்னமோ போலத்தான் இருக்கு."

கல்யாணம் ஆன இத்தனை வருடத்தில் மனைவி அவருடைய சந்தேகத்துக்கு ஒத்து ஊதியது இதுவே முதல் தடவை. கேஷியருக்கு நெஞ்சு விம்மிப் போயிற்று. அன்றைக்கே ஒரு நோட்டுப்புத்தகம் போட்டார். காலை எட்டு பத்து, ஜன்னல், வெள்ளை. மாலை ஏழு, சமையலறை பல்பு, மஞ்சள். நான்கு நாள் எழுதினார். நான்கு நாளும் காலையில் வெள்ளை, மாலையில் மஞ்சள்.

ஐந்தாம் நாள் அவருக்கு விஷயம் விளங்கியது. யாரோ மோதிரத்தை மாற்றுகிறார்கள்! காலையில் நிஜம், மாலையில் போலி. தண்ணீர் கேன் போடுகிறவர் எதற்குச் சிரித்துக்கொண்டே வருகிறார்? குழாய் ரிப்பேர்க்காரர் எதற்கு இரண்டு தடவை வந்தார்?

"அடையாளம் வெச்சுட்டா மாட்டிக்குவாங்க," என்றார் மனைவியிடம்.

"வெச்சுப் பாருங்களேன்," என்றாள் அவள். "அதுக்கு ஒரு ரெண்டு வாரம் ஆகுமில்ல?"

அவர் அலங்காரச் சாமான் கடையில் போய்ச் சிவப்பு நெயில் பாலிஷ் கேட்டார். "யாருக்கு சார்?" என்றாள் கடைப் பெண்.

துப்பு வெளியே போகக்கூடாதே! "எனக்குத்தான்," என்றார் விறைப்பாக.

மோதிர வளையத்தின் உட்பக்கம், கடுகளவு சிவப்புப் பொட்டு. காலையில் பார்த்தார்: பொட்டு இருந்தது, கல் வெள்ளை. மாலையில் பார்த்தார்: பொட்டு இருந்தது, கல் மஞ்சள்.

வேறு யாராக இருந்தாலும் இங்கே நிறுத்தியிருப்பார்கள். கேஷியர் நாற்காலியில் மெதுவாகச் சாய்ந்தார்.

"வளையம் அதேதான்," என்றார் கிசுகிசுப்பாக. "கல்லை மட்டும் பிடுங்கி மாத்தறாங்க. தினம் ரெண்டு தடவை! இது ஒரு ஆள் வேலை இல்லடி. கும்பல்."

"கடவுளே," என்றாள் மனைவி. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பயத்தில்தான் என்று அவர் நினைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை சாப்பிட வந்தார். நல்ல உயரம், வெகுளியான சிரிப்பு, எதையும் ஒளிக்கத் தெரியாத வாய்.

"நான் இதுவரைக்கும் நாலு கம்பெனி மாறிட்டேன் மாமா," என்றார் சாப்பிட்டுக்கொண்டே. "ஒரு இடத்துல முதலாளியோட சண்டை. இன்னொரு இடத்துல கம்பெனியே ராத்திரியோட ராத்திரியா மூடிட்டாங்க."

மூன்று மாதத்துக்கு முன்னால் என்றால் இதைக் கேட்டு கேஷியர் நான்கு கம்பெனி வாசலிலும் போய் நின்றிருப்பார். இப்போது, "அப்படியா, நல்லதுப்பா," என்றார். "அம்மாடி, நீ கையை அந்த ஜன்னல் பக்கம் கொஞ்சம் நீட்டு."

"சனிக்கிழமையில என் போன் எடுக்காது மாமா. எங்க இருப்பேன்னு எனக்கே தெரியாது."

"இருக்கட்டும், இருக்கட்டும். வாங்க, எல்லாரும் மொட்டை மாடிக்குப் போய்க் காத்து வாங்கலாம்."

உச்சி வெயிலில் யார் காற்று வாங்குவார்கள்? ஆனாலும் போனார்கள். அங்கே சுரீரென்ற வெயிலில் மகளின் விரலைப் பார்த்த கேஷியருக்குத் தலை சுற்றியது. கல் வெள்ளையும் இல்லை, மஞ்சளும் இல்லை. லேசாகப் பால் கலந்தது போல மங்கியிருந்தது.

"மூணாவது கல்லு!" என்று முனகினார்.

"மாமாவுக்கு வெயில் ஒத்துக்கல போலிருக்கு," என்று மாப்பிள்ளை அவரைத் தாங்கிப் பிடித்துக் கீழே அழைத்துவந்தார்.

விஷயம் முற்றியது திங்கட்கிழமை. மகள் மோதிரத்தைத் துடைக்கக் கழற்றியவள், உட்பக்கம் பொட்டைப் பார்த்துவிட்டாள். போனில் அவள் குரல் அறைக் கதவைத் தாண்டிக் கேட்டது.

"நெயில் பாலிஷ்ங்க! சிவப்பு! நான் போடறதே இல்லை, ஆஸ்பத்திரியில விட மாட்டாங்க. இதுக்கு முன்னால இதை யார் கையில போட்டீங்க? ... கடையில புதுசா எடுத்துக் குடுத்தாங்கன்னா, புதுசுல எப்படி இன்னொருத்தி நகம் பட்டுச்சு? ... இப்ப நான் சந்தேகக்காரியா? எங்கப்பா மாதிரியா? அந்த வார்த்தையை வாபஸ் வாங்குங்க!"

கதவுக்கு வெளியே அந்த அப்பா வெலவெலத்து நின்றார். உள்ளே போய் உண்மையைச் சொல்லலாம். சொன்னால் பெட்டியைத் தூக்குவாள். சொல்லாவிட்டால் மாப்பிள்ளை போய்விடுவார். இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு வழி கண்டுபிடிப்பதில்தான் அவர் கெட்டிக்காரராயிற்றே! பொட்டே இல்லாமல் போய்விட்டால் சண்டையும் இல்லை.

மறுநாள் அதே கடைக்குப் போய் நெயில் பாலிஷ் அழிக்கிற மருந்து கேட்டார்.

"அதுக்குள்ள பிடிக்கலையா சார்? உங்களுக்கு ரோஸ் கலர் எடுப்பா இருக்கும்," என்றாள் கடைப் பெண், அக்கறையாக.

அன்று மாலை மாப்பிள்ளை கோபமாக வந்தார். "எங்க, அந்தப் பொட்டைக் காட்டு," என்றார். மகள் டப்பாவிலிருந்து மோதிரத்தை எடுத்து நீட்டினாள். மாப்பிள்ளை திருப்பித் திருப்பிப் பார்த்தார். வளையம் பளபளவென்று இருந்தது.

"இதுல ஒண்ணுமே இல்லையே."

"நேத்து இருந்துச்சு!"

"என்கூடச் சண்டை போடணும்னே இல்லாததைச் சொன்னியா?"

"நான் பொய் சொல்றேன்னா? நேத்து ராத்திரி இருந்துச்சு. இன்னிக்குக் காலையில நீங்க வேலைக்குப் போற வழியில இங்க வந்தீங்கன்னு அம்மா சொன்னாங்க. நீங்கதான் அழிச்சிருக்கீங்க!"

"நான் டிபன் டப்பாவைத் திருப்பிக் குடுக்க வந்தேன்!"

"நல்ல சாக்கு!"

மாப்பிள்ளை எழுந்து நின்றார். அந்த வெகுளிச் சிரிப்பு எங்கேயோ போய்விட்டிருந்தது. "ஒரு மாசத்துக்குள்ள குடுத்தா கடையில திருப்பி எடுத்துக்குவாங்க. நாளைக்குப் போய்க் குடுத்துடலாம். உனக்கு எப்படித் தோணுதோ அப்படி."

"குடுத்துடலாம்," என்றாள் மகள். சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள். எந்த வேளையிலும் அழாத பெண், முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள்.

கேஷியரால் தாங்க முடியவில்லை. "நானும் வரேன்," என்றார்.

"நீங்க எதுக்குப்பா?"

"சும்மா, துணைக்கு."

மனைவியையும் கூப்பிட்டார்கள். அவள் முகம் வெளிறிப் போயிருந்தது. "எனக்கு முட்டி வலி. நீங்க போங்க," என்றாள். பிறகு அவரைத் தனியே இழுத்து, "என்னங்க, எது நடந்தாலும் அந்தக் கல்யாணம் நிக்கக்கூடாது. உங்களைக் கெஞ்சிக் கேக்கறேன்," என்றாள். அவள் இப்படிக் கெஞ்சி அவர் பார்த்ததில்லை.

நகைக்கடையில் வைரப் பிரிவில் ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். கண்ணில் இடுக்கிக்கொள்கிற சின்ன லென்ஸ் கழுத்தில் தொங்கியது. மகள் மோதிரத்தை அவர் முன்னால் வைத்தாள்.

"எடுத்துக்கோங்க. வேற ஒருத்தி போட்ட மோதிரம் எனக்கு வேண்டாம்."

"வேற ஒருத்தி யாரும் இல்லைன்னு நூறு தடவை சொல்லிட்டேன்," என்றார் மாப்பிள்ளை. "நம்பாதவங்களை நான் என்ன பண்றது?"

கடையம்மாள் இருவர் முகத்தையும் பார்த்தார். பெருமூச்சு விட்டு, திருப்பி எடுக்கிற படிவத்தை உருவினார். பேனா மூடியைக் கழற்றினார்.

அந்தப் பேனா தாளில் படுவதற்குள் கேஷியர் குறுக்கே கையை வைத்தார்.

"பொட்டு வெச்சது நான்."

யாருக்கும் புரியவில்லை.

"நெயில் பாலிஷ் வாங்கினது நான். வெச்சது நான். அழிச்சதும் நான். அம்மாடி, நீ என்மேல கோபப்படு. வெளியூருக்குப் போ. ஒரு வருஷம் என்கூடப் பேசாதே. ஆனா இவரை விட்டுடாதே. இவர் ஒரு பாவமும் அறியாதவர்."

சட்டைப் பையிலிருந்து நோட்டுப்புத்தகத்தை எடுத்து நீட்டினார். கடையம்மாள் அதை வாங்கிச் சத்தமாகப் படித்தார்.

"'காலை எட்டு பத்து, வெள்ளை. மாலை ஏழு, மஞ்சள். ஞாயிறு மதியம், மொட்டை மாடி, பால் போல. கும்பலில் குறைந்தது மூன்று பேர்.'" அவர் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டார். "சார், இருபது வருஷமா கல்லு விக்கறேன். இவ்வளவு கரெக்டா நாங்களே எழுதி வெச்சதில்ல."

"அப்ப கும்பல் இருக்கா?"

"ஒரே கல்லுதான் சார்." மேஜைக்கு அடியிலிருந்து சின்ன விளக்கை எடுத்துக் கல்லின்மேல் அடித்தார். நீலமாக எரிந்தது. "வெயில்ல கண்ணுக்குத் தெரியாத புற ஊதா வெளிச்சம் இருக்கில்ல, அது பட்டா சில வைரம் உள்ளேருந்து நீலமா ஒளி விடும். நாங்க ஃப்ளூரசன்ஸ்னு சொல்வோம். இந்தக் கல்லுக்கு இயற்கையிலேயே துளி மஞ்சள் உண்டு. பகல்ல அந்த நீலம் மஞ்சளை அமுக்கிடும். அதனால ஜன்னல் வெளிச்சத்துல வெள்ளையாத் தெரியும். உங்க வீட்டு பல்புல அந்த வெளிச்சம் இல்ல. நீலமும் எழும்பாது, மஞ்சள் வெளியில வந்துடும்."

"மாடியில பால் மாதிரி இருந்துச்சே?"

"நீலம் ரொம்ப பலமா இருந்தா, நல்ல உச்சி வெயில்ல சில கல்லு லேசா மங்கும். எல்லாக் கல்லும் மங்காது. அதனாலதான் வாங்கறப்ப வெயில்லயும் பல்புலயும் ரெண்டுலயும் பாருங்கன்னு சொல்றோம். பார்த்துப் பிடிச்சிருந்தா தாராளமா வாங்கலாம், விலையும் கொஞ்சம் இறங்கி வரும். நீலமா மின்னறதை வெச்சுக் கல்லு போலின்னும் சொல்ல முடியாது, அசல்னும் சொல்ல முடியாது. அதுக்குச் சோதனை வேற. இது அசல் வைரம். சர்டிபிகேட்லயே 'பலமான நீலம்'னு போட்டிருக்கே, பார்க்கலையா?"

"அத்தைகிட்டதானே குடுத்தேன்?" என்றார் மாப்பிள்ளை.

"அவ எங்கயோ வெச்சுட்டுத் தேடிக்கிட்டிருக்கா," என்றார் கேஷியர் பரிதாபமாக.

முதலில் சிரித்தது மாப்பிள்ளைதான். கேஷியரின் தோளில் கையைப் போட்டார்.

"லிஃப்ட்ல மாட்டிக்கிட்டவங்க எல்லாரும் இப்படித்தான் மாமா. ஒரு பட்டன் அமுக்கிட்டுச் சும்மா நிக்க மாட்டாங்க. எல்லாத்தையும் அமுக்கி, நல்லா நின்னுட்டிருந்ததை இன்னும் ரெண்டு மாடி கீழ இறக்கிடுவாங்க."

மகள் சிரிக்கவில்லை. அப்பாவுக்கு நேரே வந்து நின்றாள். "உண்மையைச் சொல்லுங்க. இவரைப் பத்தி எங்கயாவது போய் விசாரிச்சீங்களா? இவர் வண்டி பின்னால போனீங்களா? கம்பெனிக்கு போன் பண்ணினீங்களா?"

கேஷியர் திகைத்தார். யோசித்துப் பார்த்தார். மறுபடியும் யோசித்தார். "இவரையா? இல்லையேம்மா. சத்தியமா இல்ல. எனக்குக் கல்லைப் பார்க்கவே நேரம் சரியா இருந்துச்சு."

மகளின் முகம் மெல்ல இளகியது. "இவரை ஒரு தடவைகூடச் சந்தேகப்படலையா?"

"ஒரு தடவைகூட."

மகள் குனிந்து, பொட்டு வைத்தபோது பாலிஷ் ஒட்டி, அழித்து அழித்துப் பார்த்தும் இன்னும் சிவப்பாகவே இருந்த அப்பாவின் கட்டைவிரல் நகத்தைத் தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டாள். அவ்வளவுதான். மன்னிப்பு என்று தனியாக ஒன்றும் சொல்லவில்லை. மோதிரத்தை எடுத்து மாப்பிள்ளையிடம் நீட்டினாள். அவர் போட்டுவிட்டார். வெயிலில் எப்படி இருக்கிறது என்று பார்க்க இரண்டு பேரும் வாசலுக்குப் போனார்கள். பார்ப்பதற்கு அவ்வளவு நேரம் ஆகாது. ஆனாலும் திரும்பி வரக் காணோம்.

சர்டிபிகேட்டுக்கு ஒரு நகல் வாங்கிக்கொண்டு போகலாம் என்று கேஷியர் மட்டும் நின்றார். நெஞ்சு நிமிர்ந்திருந்தது.

"பார்த்தீங்களாம்மா? இதுக்கு முன்னால ரெண்டு வரனைச் சந்தேகப்பட்டே விரட்டினவன் நான். இந்தத் தடவை மாப்பிள்ளையை முழுசா நம்பிட்டேன். வயசாக ஆக மனுஷன் தானாத் திருந்திடறான், இல்லையா?"

கடையம்மாள் நகலை மடித்து உறையில் போட்டார். வாசலை ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"சார், இவங்க மோதிரம் வாங்க வர்றதுக்கு முந்தின நாளே உங்க வீட்டம்மா தனியா இங்க வந்துட்டுப் போனாங்க: 'கடையில இருக்கறதுலயே பலமா நீலம் அடிக்கிற கல்லா நாளைக்கு எடுத்துக் காட்டும்மா, கல்யாணம் முடியற வரைக்கும் அவர் அதைச் சந்தேகப்பட்டுக்கிட்டு இருப்பார், பாவம், அந்தப் பிள்ளை பிழைச்சுப் போயிடுவான்'னு சொன்னாங்க!"